இரண்டு கோப்புகளில் ஒரே சிவிங்கிப்புலி

மொன்றியலின் வில்லரே பகுதியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சமையலறை மேசைதான் ஏழு வருடம் என் அலுவலகம். ஆப்பிரிக்காவின் தெற்கே ஐந்து நாடுகளில் சிங்கம், சிறுத்தை, சிவிங்கிப்புலி ஆகியவற்றைக் காக்கிற வேலையில் இருந்தவர்களை ஒருங்கிணைப்பது என் பொறுப்பு. ஒரு நாட்டில் பிறந்த குட்டி வளர்ந்து அடுத்த நாட்டில் ஆடு பிடிக்கும். அந்த இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒருவரையொருவர் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

அதற்கு முன் நானும் அங்கே ஜீப்பில் புழுதி தின்று திரிந்தவள்தான். கணவருக்கு மொன்றியலில் வேலை கிடைத்ததும் காட்டை விட்டு வந்தேன். வேலையை மட்டும் விடவில்லை. குளிர்காலத்தில் இங்கே காலை ஏழு மணி என்றால் அங்கே பிற்பகல் இரண்டு. கணவர் மகளைக் கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், விடக் கிளம்பியதும் என் தொலைபேசி அழைப்புகள் தொடங்கிவிடும். ஜன்னலுக்கு வெளியே இரும்புப் படிகளில் பனி ஏறிக் கிடக்கும். காதுக்குள் மட்டும் அங்கத்து வெயில்.

மாடியில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருந்தார். முப்பது வருடம் ஆடைத் தொழிற்சாலையில் தைத்து ஓய்வு பெற்றவர். ரோல்ஸ் பொரித்தால் எனக்கு நாலு கொண்டுவராமல் இருக்க மாட்டார்.

ஒரு பிப்ரவரிக் காலையில் அப்படித்தான் தட்டோடு வந்தார். மேசை முழுக்கத் தானியங்கிக் கேமராக்களில் விழுந்த படங்கள். நாட்டுக்கு ஒரு கோப்பாகப் பிரித்து வைத்திருந்தேன். தட்டுக்கு இடம் பண்ணப் படங்களை ஒதுக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"பிள்ளை, உந்தச் சிறுத்தை ஏன் ரெண்டு ஃபைலிலையும் கிடக்குது?"

"சிறுத்தை இல்லக்கா, சிவிங்கி. அது வேற, இது வேற. ரெண்டும் ரெண்டு நாடு."

"நாடு என்னவும் இருக்கட்டும். இஞ்சை பாரும், பின்னங்காலுக்கு மேலை மூண்டு புள்ளி ஒட்டிக்கொண்டு, கீழை ஒண்டு தனிய. இதிலையும் அப்பிடித்தான். முப்பது வருசம் பூத்துணி பொருத்தித் தைச்சனான், எனக்குத் தெரியாதே?"

சிவிங்கியின் புள்ளிகள் நம் கைரேகை மாதிரி, ஒன்றினுடையது இன்னொன்றுக்கு வராது. அது எனக்குப் பாடம். ஆனால் அந்த இரண்டு கோப்புகளையும் நான் ஒரு நாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. பார்த்தேன். அக்கா சொன்னது சரி.

அந்த இரண்டில் மேற்கே இருந்த நாட்டில் அந்தச் சிவிங்கி தனியாகத் திரிந்து ஒரு விவசாயியின் ஆடுகளை அடித்துக்கொண்டிருந்தது. கூண்டு வைத்துப் பிடித்துத் தூரத்துக் காட்டில் விடலாமா என்று அந்த ஊர் அதிகாரி கேட்டிருந்தார். முந்தின நாள்தான் சரி என்று எழுதியிருந்தேன். கிழக்கே இருந்த நாட்டின் படத்திலோ, மூன்று நாளுக்கு முன், அதன் பின்னால் மூன்று குட்டிகள்.

உடனே அந்த அதிகாரியைக் கூப்பிட்டேன். அறுபதை நெருங்கியவர், அளந்து பேசுகிறவர்.

"சார், கூண்டு?"

"இன்று காலையில் மாட்டிவிட்டது. ஏற்றிப்போக வண்டி வந்துகொண்டிருக்கிறது."

விஷயத்தைச் சொன்னேன். "மடியில் பால் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன்" என்று வைத்துவிட்டார்.

அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். ரோல்ஸை இருவரும் தொடவில்லை.

"குட்டியள் எத்தினை?"

"மூணுக்கா."

"பசிக்குமெல்லோ" என்றார்.

அரை மணி நேரம் கழித்து அழைப்பு வந்தது. "பால் இருக்கிறது. கதவைத் திறந்துவிட்டேன். கிழக்கே ஓடியது." கொஞ்சம் நிறுத்தி, "விவசாயி கோபமாக நிற்கிறார். என்ன சொல்லட்டும்?" என்றார்.

"தப்பு என்னுடையது, சார். அவரை என்னிடம் பேசச் சொல்லுங்கள்."

விவசாயி பேசினார். பேசினார் என்ன, திட்டினார். கேட்டுக்கொண்டேன். அந்த மாதமே அவருடைய பட்டிக்கு முள்வேலியும் கம்பிவலையும் போட்டுக் கொடுக்க ஏற்பாடு செய்தோம்.

கிழக்கு நாட்டில் படங்களைக் கவனித்த பெண் தினமும் கேமராக்களைப் போய்ப் பார்த்தாள். ஒன்பதாம் நாள் ஒரு படம் அனுப்பினாள். தாய், பின்னால் இரண்டு குட்டிகள். மூன்றாவது பிறகு எந்தப் படத்திலும் விழவில்லை. அது கூண்டு வைத்த அன்று போனதா, முன்பே போனதா, தெரியாது. எனக்கு இன்றைக்கும் அது நெஞ்சில் கிடக்கிறது. மாடிக்குப் போய் அக்காவிடம் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் கையில் வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு அந்தப் பெண்ணும் அந்த அதிகாரியும் நேரடியாகவே பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். இரண்டு நாட்டுப் படங்களையும் ஒரே ஆல்பத்தில் சேர்த்தார்கள், மற்ற நாடுகளும் சேர்ந்தன. மெல்ல மெல்ல நான் நடுவில் தேவைப்படவில்லை. சில வருடம் கழித்து ஒருங்கிணைப்பு வேலையை அந்தப் பெண்ணிடமே ஒப்படைத்தேன். அதுதான் முறையும்கூட. அக்கா டொராண்டோவுக்கு மகனோடு போய்விட்டார். நாங்கள் அதே நகரத்தில் அஹுன்ட்சிக் பக்கம் வீடு மாறினோம். இப்போது காலை ஏழு மணிக்கு என்னை யாரும் கூப்பிடுவதில்லை.

என் கடைசிக் கூட்டம் முடிந்து மற்றவர்கள் போன பிறகும் அந்த அதிகாரி இணைப்பில் இருந்தார். அத்தனை வருடத்தில் முதல்முறையாகத் தன் கேமராவைப் போட்டார். நரைத்த தாடி, பின்னால் தகரக் கூரை, நல்ல வெயில்.

"ஒன்று கேட்கலாமா? ஒவ்வொரு கூட்டத்திலும் உங்கள் பக்கத்திலிருந்து ஒரு விசில் கேட்கும். உங்கள் வீடு ரயில் பாதை ஓரத்திலா?"

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. போனை அடுப்புக்குத் தூக்கிக்கொண்டுபோய்க் குக்கரைக் காட்டினேன். உள்ளே என்ன என்றார். மூடியைத் திறந்து, குழைந்த துவரம் பருப்பைக் கரண்டியில் எடுத்துக் காட்டி, அதன் ஆங்கிலப் பெயரைச் சொன்னேன்.

"அட, இதுவா?" என்று எழுந்தவர், போனைக் கையில் பிடித்தபடி நடந்தார். தரையும் செருப்பும் ஆடின. பிறகு வேலி வந்தது. வேலியோரம் நெடுக, மஞ்சள் பூவோடு ஆளுயரத்துக்கு நின்ற துவரஞ்செடிகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனார்.