பதினேழாம் குழாய்

நுரையீரல் புற்றுநோயை ரத்தத்திலுள்ள ஒரு புரதத்தைக் கொண்டு முன்கூட்டியே கண்டறிய முடியுமா என்று எங்கள் ஆய்வகத்தில் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒப்பிடுவதற்கு நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டும். ஆள் குறைந்தால் வீட்டிலிருப்பவர்களை அழைத்து வருவோம். நான் மல்லேஸ்வரத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து என் கணவரை அழைத்துப் போனேன். சிகரெட்டைத் தொடாதவர்.

சோதனைக் குழாய்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். பதினேழாம் குழாயில் அந்தப் புரதம் மிக அதிகமாக இருந்தது. என் கைத்தவறு என்று நினைத்து மூன்று முறை திரும்பச் செய்தேன். அளவு மாறவில்லை. பதிவேட்டைத் திறந்தேன். பதினேழுக்கு நேரே என் கணவர் பெயர்.

“ஸ்கேன் எடுக்கணுங்க,” என்றேன்.

“நல்லா இருக்கிறவன்னு சொல்லித்தானே கூட்டிட்டுப் போன?” என்று சிரித்தார்.

வலது நுரையீரலில் பட்டாணி அளவில் கட்டி இருந்தது. “சின்னதுதாம்மா, எடுத்துடலாம்,” என்றார் மருத்துவர். அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தில் அன்றைய தேதியைத் தவறாக எழுதினேன்.