ஆறு மாதத்தில் ஏழு கணக்கு

வங்கியில் அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "உங்களுக்கு கார்டு வராதும்மா" என்று சொன்னபோது எனக்கு முதலில் வந்தது வெட்கம்தான். பக்கத்து நாற்காலியில் பாஸ்புக்கை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழுந்திருக்குமோ என்று திரும்பிப் பார்த்தேன். விழுந்திருந்தது. அவர் மரியாதையாக முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்த கார்டு எனக்கு எதற்கு என்பதைச் சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததால்தான் இவ்வளவும் ஆனது.

நானும் அக்காவும் அடி அண்ணாமலையில் ஒரே வீட்டில் இருந்தோம். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. அண்ணன் தம்பி இருவரும் மூன்று வருட இடைவெளியில் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் ஆஸ்பத்திரிச் செலவுக்கு இருந்த நிலமும் போனது, என் காதில் இருந்ததும் போனது. அதன் பிறகு செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு லாட்ஜுக்கு நாங்கள் இரண்டு பேரும் துணி துவைத்துக் கொடுத்தோம். பன்னிரண்டு அறை. பௌர்ணமி முடிந்த மறுநாள் ஆட்டோவில் மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்பு வந்து இறங்கும். வீட்டுப் பின்னால் தொட்டி, துவைக்கிற கல், வேலி ஓரம் வரை கொடிக்கயிறு. நனைந்த விரிப்பை ஒரு ஆள் பிழிய முடியாது. அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி நின்று முறுக்க வேண்டும். அக்கா பேசிக்கொண்டே முறுக்குவாள். ஊரில் உள்ள எல்லாரையும் அந்த விரிப்போடு சேர்த்துப் பிழிந்து எடுப்பாள். நான் கேட்டுக்கொண்டே முறுக்குவேன். எனக்குப் பேச்சு வராது. எப்போதுமே அப்படித்தான்.

அக்காவுக்கு ஒரு மகன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனியில் வேலை. ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து, "போதும்மா, எங்கூட வந்துடு" என்பான். அக்கா ஒரே பதில்தான் சொல்லுவாள்.

"கை ஓடற வரைக்கும் இங்கதான்டா. கை நின்னா வந்து உன் வூட்டு மூலைல உக்காந்துக்கிறேன். அப்போ உன் பொண்டாட்டி கைல சோறு துன்னுக்கினு அவளையே திட்டிக்கினு கெடப்பேன்."

மருமகளும் அங்கேயே நின்று சிரிக்கும். எனக்கு மட்டும் சிரிப்பு வராது. எனக்குப் பிள்ளை இல்லை. அக்காவின் கை நிற்கக் கூடாது என்று எல்லாப் பொங்கலுக்கும் வேண்டிக்கொள்வேன்.

போன வருடம் அந்தக் கை நின்றது. வலது மணிக்கட்டு வீங்கி, டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. பெரியாஸ்பத்திரியில், பிழிகிற வேலை இனிமேல் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். நான் ஒருத்தியே கொடிக்கம்பத்தில் ஒரு முனையைக் கட்டி முறுக்கிப் பார்த்தேன். விரிப்பு காய இரண்டு நாள் ஆனது, வாடை அடித்தது. லாட்ஜ் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர்தான்.

"ரூமுக்கு வர்றவங்க கம்ப்ளைண்ட் பண்றாங்கம்மா. வேங்கிக்கால்ல மெஷின் வெச்சு ஒருத்தன் லாண்டரி ஆரம்பிச்சிருக்கான். நீங்களும் ஒரு மெஷின் போட்டுக்கினீங்கன்னா வேலை உங்களுக்குத்தான். ஆறு ஏழு மாசம் பாக்கறேன். அதுக்கு மேல என்னால முடியாது."

மெஷின் இருந்தால் பிழிய வேண்டாம். அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே துணியைப் போட்டு எடுக்கலாம், மடிக்கலாம். கை ஓடுகிற மாதிரிதான் கணக்கு. அவள் போக வேண்டியதில்லை. மேனேஜர் பேசி முடிப்பதற்குள் என் மனசு அங்கே போய்விட்டது.

பெரிய விரிப்பு போடுகிற மெஷின் விலை எங்களால் நினைக்கவே முடியாதது. கடையில், இவ்வளவு பெரிய தொகைக்கு வெறும் ஆதார் போதாது, வங்கி கொடுக்கிற கிரெடிட் கார்டு இருந்தால் வட்டி இல்லாமல் பன்னிரண்டு தவணை என்றார்கள். லாட்ஜ் பணம் விழுகிற கணக்கு என் பேரில்தான் இருந்தது. ஏனென்றால் எனக்குக் கையெழுத்து வரும், அக்காவுக்குக் கைநாட்டு. அதனால் வங்கிக்கு நான் போனேன். அங்கே சின்ன வயசுப் பெண் ஒன்று, பொறுமையாகப் பேசுகிறது.

"இதுக்கு முன்னாடி லோன் ஏதாவது வாங்கியிருக்கீங்களாம்மா? தவணைல ஏதாவது?"

"இல்லவே இல்லம்மா" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"அப்போ உங்களுக்கு மார்க்கே இருக்காதே. கடன் வாங்கி ஒழுங்காக் கட்டுறவங்களுக்குத்தான் மார்க் ஏறும். சின்னதா ஒண்ணு தவணைல எடுங்க. தேதி தப்பாம கட்டுங்க. ஆறு மாசம் கழிச்சு வாங்க, பாக்கலாம்."

ஐந்தாவது வரைதான் படித்தேன். ஆனால் கணக்கில் நான்தான் முதல் மார்க். வாத்தியார் ஒரு கணக்கு போட்டு வரச் சொன்னால் மூன்று போட்டுக்கொண்டு போவேன். வாய் திறந்து பதில் சொல்லத் தெரியாதவளுக்கு அது ஒரு வழி. ஆறாவதுக்கு டவுனுக்கு அனுப்பவில்லை. மார்க் என்ற சொல்லை என்னைப் பார்த்து ஒருவர் சொல்லி ஐம்பது வருடம் ஆகியிருந்தது.

ஒன்று எடுத்தால் இவ்வளவு மார்க் என்றால் நிறைய எடுத்தால் நிறைய மார்க் என்று நான் நினைத்தேன்.

முதலில் ஒரு போன். கடையிலேயே தவணைக்காரர் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். ஆதாரைக் கொடுத்தால் போதும், என்னைப் போட்டோ பிடித்து, விரலை வைக்கச் சொல்லி, அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். அடுத்த மாதம் மிக்ஸி. பிறகு கேஸ் அடுப்பு, மேஜை ஃபேன். ஒவ்வொன்றும் வேறு வேறு கம்பெனி தவணை. தேரடித் தெரு கடைக்கு ஒரு தடவை ஃபேன் தவணை கட்டப் போனபோது, அங்கே இருந்தவர், "கட்டில் ஒண்ணு எடுத்துக்குங்கம்மா, இந்த வயசுல தரையில படுக்கலாமா" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வரவில்லை. மார்க் ஏறும் என்றும் ஒரு எண்ணம். இரும்புக் கட்டில் ஒன்று வந்து இறங்கியது.

நான் ஒழுங்காகக் கட்டுகிறேன் என்று தெருவில் தெரிந்துபோனது. எதிர் வீட்டுப் பெண் வந்து, "சின்னம்மா, எம் பேர்ல குடுக்க மாட்டேங்கறான். உங்க பேர்ல ஒரு ஃபிரிட்ஜ் எடுத்துக் குடுங்க, நான் மாசா மாசம் குடுத்துடறேன்" என்றாள். கொடுத்தேன். அவள் தங்கைக்கு ஒரு தையல் மெஷின். அதற்கும் கொடுத்தேன். அவர்களும் சொன்னபடி ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

மாதத்தில் ஏழு தேதி. காலண்டரில் ஏழு இடத்தில் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தேன். பகலில் ஒரு வேளை சாப்பாட்டைக் கம்மி பண்ணினேன். தேதிக்கு ஒரு நாள் முன்னாலேயே போய்க் கட்டிவிடுவேன்.

அக்காவிடம் எதற்கு என்று சொல்லவில்லை. மெஷின் வந்து இறங்கட்டும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். உண்மையைச் சொன்னால், 'நீ போகாதே' என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மெஷின் அதைச் சொல்லிவிடும் என்று நினைத்தேன்.

ஆனால் அவள் கண் சும்மா இருக்குமா.

"இன்னாடி இது, தேருக்குக் கடை போடப் போறியா?" என்றாள், மிக்ஸி வந்த அன்றைக்கு.

"சும்மாதான்கா."

"சும்மாவா? ரெண்டு கிழவிங்களுக்கு ஒரு துண்டு தேங்கா அரைக்க மிக்ஸி. அம்மிக்கு இன்னா வந்துச்சு?"

"உனக்குக் கை வலிக்குதேன்னு..."

"எனக்குக் கை வலிச்சா நீ அரையேன்!" என்று சிரித்தாள். ஃபேன் வந்தபோதும் சிரித்தாள். அடுப்புக்கும் ஏதோ சொல்லிச் சிரித்தாள். கட்டில் வந்தபோது மட்டும் சிரிக்கவில்லை. ஒரு தடவை அதைச் சுற்றி வந்தாள். கையால் தட்டிப் பார்த்தாள். "ஒரு ஆளுக்குத்தான் சரியா இருக்கும், இல்ல?" என்றாள். ஆமாம் என்றேன். அன்றைக்கு ராத்திரியிலிருந்து என்னைக் கட்டிலில் படுக்கச் சொல்லிவிட்டு அவள் பாயிலேயே படுத்தாள். நான் எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை.

ஆறு மாதம் முடிந்தது. ரசீதுகளையெல்லாம் ஒரு பையில் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வங்கிக்குப் போனேன். பரீட்சைக்குப் போகிற மாதிரிதான் போனேன். அந்தப் பெண் என் எண்ணை அடித்துப் பார்த்தது. பிறகுதான், "உங்களுக்கு கார்டு வராதும்மா" என்றது.

"நான் ஒரு நாள்கூடத் தப்பலியேம்மா" என்றேன். பையைத் திறந்து ரசீதை மேஜையில் வைத்தேன்.

"தப்பலம்மா. எல்லாம் கரெக்டா கட்டியிருக்கீங்க. ஆனா ஆறு மாசத்துல ஏழு கணக்கு தொறந்திருக்கீங்க. இத்தனை ஜாஸ்தியா, இவ்ளோ அவசரமா தொறந்தா, இவங்க ஏதோ பணக்கஷ்டத்துல இருக்காங்கன்னு கம்ப்யூட்டரே நெனச்சிக்கும். மார்க் எறங்கிடுச்சு." ரசீதுகளைப் புரட்டிப் பார்த்தது. "நான் ஒண்ணுதானேம்மா எடுக்கச் சொன்னேன்?"

ஆமாம், ஒன்றுதான் சொன்னது. என் காதிலும் ஒன்று என்றுதான் விழுந்தது.

"எங்க அக்கா பேர்ல பாக்க முடியுமா? அவங்களுக்கு ஒரு கணக்கும் இல்ல" என்று கேட்டேன்.

"அவங்களுக்கு ஒண்ணுமே இல்லாததால மார்க்கும் இல்லம்மா. வயசும் ஜாஸ்தி. உங்களுக்கு இதெல்லாம் சரியாக ஒரு வருஷம் ஆகும். புதுசா எதுவும் எடுக்காதீங்க" என்று சொல்லி, ரசீதுகளை அடுக்கி அதுவே பைக்குள் போட்டுக் கொடுத்தது. மெஷின் கடையில் கேட்டேன். அங்கிருந்த தவணைக்காரரும் அதே கம்ப்யூட்டர் மாதிரி ஒன்றைத்தான் பார்த்தார். அதே பதில்தான்.

மேனேஜர் சொன்ன கெடு தாண்டி பதினைந்து நாள் பொறுத்தார். பிறகு துணி வேங்கிக்காலுக்குப் போனது. என்னை மட்டும் அறை பெருக்கவும் விரிப்பு போடவும் வரச் சொன்னார். இரண்டு பேருக்கு வேலை இல்லை.

மகன் கார் வைத்துக்கொண்டு வந்தான். அக்காவிடம் ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பை. அவ்வளவுதான் இருந்தது. வாசலில் நின்று வீட்டை ஒரு தடவை பார்த்தாள்.

"எதுக்குடி இப்படி நிக்கிறே? ஏதாவது சொல்லணும்னா சொல்லு" என்றாள்.

"மாத்திரை மேல் பைல இருக்கு" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா." காரில் ஏறி உட்கார்ந்தவள், கண்ணாடியை இறக்கச் சொல்லி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். மகனுக்குக் கேட்காத மாதிரி சொன்னாள். "நான் ஒண்ணும் கோவிச்சுக்கலடி. நீ ஒத்தையா இருக்கறதுக்கு எல்லாம் சேத்துக்கினே. நல்லதுதான். அடுப்பு, ஃபேனு, கட்டிலு. நான் எப்போ கெளம்பறதுன்னு பாத்துக்கினே இருந்தேன். வேலையும் போச்சு, சரியாப் போச்சு."

கார் கிரிவலப் பாதையில் திரும்புகிற வரைக்கும் நான் அங்கேயே நின்றேன். அவள் சொன்னது எனக்கு முழுதாக ஏறவே கொஞ்ச நேரம் பிடித்தது. ஆறு மாதம் என் சாமான் ஒவ்வொன்றையும் பார்த்து, தான் எப்போது போக வேண்டும் என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அவளை இருக்க வைக்கத்தான் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டிருந்தேன்.

நாலு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா அவள் மகனுடைய போனிலிருந்து பேசுவாள். இந்த ஞாயிறு நான் ஒரு முடிவோடு இருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்தே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாப்டியா? இன்னா கொழம்பு?" என்றாள்.

"கீரை. அக்கா, அந்த சாமானெல்லாம் உனக்காகத்தான் வாங்கினேன்."

"எது?"

"மிக்ஸி, கட்டில் எல்லாம். உன்னை இருக்க வெக்கத்தான்."

அந்தப் பக்கம் டிவி சத்தம் கேட்டது. யாரோ அதைக் குறைத்தார்கள்.

"கட்டில் எனக்கா? நான் என்னிக்குடி அதுல படுத்தேன்?" என்று சிரித்தாள். "உன்கிட்ட பேசுனா இப்பிடித்தான், தலையும் புரியாது, காலும் புரியாது. எனக்கு வேணும்னா வாய தொறந்து கேட்டிருக்க மாட்டேனா?"

அது அப்படி இல்லை என்று சொல்ல ஆரம்பித்தேன். கார்டு, மார்க் என்று எங்கிருந்தோ தொடங்கினேன். எனக்கே கோர்வையாக வரவில்லை. "இரு, இரு, இவனுக்கு வேற போன் வருதாம்" என்றாள். "கீரையில பூண்டு போட்டியா? போடு" என்றாள். வைத்துவிட்டாள்.

பூண்டு போடவில்லை. எழுந்து போய் நாலு பல் உரித்துத் தட்டிப் போட்டு, மறுபடி அடுப்பைப் பற்றவைத்தேன்.