கூடைமேல் வைத்த கல்

எண்ணூரில் எங்கள் குப்பத்துக்காரர்களுக்குக் கண் எப்போதும் கிழக்கே இருக்கும். காலையில் எழுந்ததும் கடலைப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. வீடுகளுக்குப் பின்னால், மேற்கே, கால்வாய் ஓடியது. அதை யாரும் மதித்ததில்லை. மீன் கழுவிய தண்ணீரைக் கொட்டவும் கோழிகளை மேயவிடவும்தான் அந்தப் பக்கம் போவோம். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டே வாழ்ந்தோம்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். வீட்டில் நான், என் வீட்டுக்காரர், மாமியார் மூன்றே பேர். மாமியாருக்கு வாய் நீளம். குழம்பில் புளி கூடினாலும் குறைந்தாலும் என் அம்மா என்னை வளர்த்த லட்சணம் சந்திக்கு வந்துவிடும். நானும் வாயில்லாப் பூச்சி இல்லை. மனசுக்குள்ளேயே பதிலுக்குப் பதில் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

மாமியார் குழைந்து பேசியது ஒரே ஒரு உயிரிடம், ஒரு சிவப்புச் சேவலிடம். முந்தின வருஷம் அவருடைய ஒரே மகன், அதாவது என் வீட்டுக்காரர், கடலுக்குப் போய் இரண்டு நாள் திரும்பவில்லையாம். மகன் உயிரோடு வந்தால் சேவல் தருகிறேன் என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, குஞ்சாக இருந்த இதை அன்றே நேர்ந்துவிட்டார். மகனும் வந்து சேர்ந்தார். வரும் தை மாதம் சேவலைக் கோயிலுக்குக் கொடுக்க வேண்டும். அதற்குள் அதற்கு ஒன்று ஆனால் மகனுக்கு ஆனமாதிரி என்று மாமியார் நம்பினார். "அது சேவல் இல்லடி, எம் புள்ள உசுரு" என்பார். நான் சிரிப்பை அடக்கிக்கொள்வேன்.

கார்த்திகையில் ஒரு நாள் காலை கடல் கறுத்துக் காற்று ஏறியது. ஆண்கள் எல்லாரும் கட்டுமரங்களை மேட்டுக்கு இழுத்துப்போடக் கிளம்பினார்கள். என் வீட்டுக்காரர் போகும்போதே, "காத்து பேஜாரா கீது. கோழிங்கள பின்னால வெச்சிட்டு உள்ளயே குந்திக்கினு இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடல் பக்கம் இருந்த கோழிக்கூடையை வீட்டுக்குப் பின்னால், சுவர் மறைவில் கொண்டுபோய்க் கவிழ்த்தோம். உள்ளே ஐந்து கோழியும் அந்தச் சேவலும். எங்கள் ஊரில் புயல் என்றால் பயம் காற்றுக்குத்தான். கூடையையே தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் உடைந்த அம்மிக்கல் ஒன்றை மூச்சுப்பிடித்துத் தூக்கிவந்து கூடைமேல் வைத்தேன். அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு கோழி மட்டும் வீட்டுக்குள் சட்டியில் இருந்தது. எங்கள் நாயையும் உள்ளே இழுத்துவிட்டுக் கதவுகளைச் சாத்தினோம்.

"கல்லு வெச்சியாடி?"

"வெச்சிட்டேன் அத்தே. யான வந்தாலும் அசையாது."

எனக்கு என் சாமர்த்தியத்தில் அவ்வளவு பெருமை.

உச்சிப்பொழுதுக்கு முன்னால் பின்கதவின் அடியில் தண்ணீர் நுழைந்தது. மாமியார் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். முகம் மாறிவிட்டது.

"உப்பு இல்லடி. கால்வாத் தண்ணி. பின்னாலேர்ந்து வந்துகினு கீது."

கடல் பொங்கி முகத்துவாரத்தை அடைத்துக்கொண்டதால், மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் கால்வாய் எங்கள் பக்கம் ஏறிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கோழிகளை நாங்களே கொண்டுபோய் அதன் வாயில் வைத்திருந்தோம்.

பின்கதவைத் தள்ளினேன். வேலியும் முள்ளும் அடித்துவந்து வெளியே அடைத்துக்கொண்டிருந்தன. இரண்டு பேரும் தோள் கொடுத்தும் நகரவில்லை. முன்கதவுக்கு ஓடினேன். "தொறக்காதே! காத்து உள்ள பூந்துச்சின்னா கூரை பூடும்" என்று மாமியார் கத்தினார். அதுவும் நிஜம்தான்.

தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும், வலையும் துடுப்பும் போட்டுவைக்கும் பரணில் ஏறினோம். நாயைத் தூக்கிக் கொடுத்தபோது அது நடுங்கி என் கழுத்தைப் பிறாண்டிவிட்டது. அடைகோழியைச் சட்டியோடு ஏற்றினோம். அது முட்டையைவிட்டு எழவேயில்லை. எங்கள் கலவரத்தை அது லட்சியமே செய்யவில்லை.

பரணில் நிமிர்ந்து உட்கார முடியாது. ஒவ்வொரு வீச்சுக்கும் கூரை எழும்பி எழும்பி அமர்ந்தது. மூச்சு இழுத்தால் ஈர நாயும் பழைய வலையும் நாறின. கீழே பானைகள் மிதந்து முட்டிக்கொண்டன. சுவருக்கு அந்தப் பக்கம், நாலு முழம்கூட இல்லாத தூரத்தில், கோழிகள் கத்தின. சேவல் எம்பி எம்பிக் கூடையின் உச்சியில் மோதுவது கேட்டது. கல் இல்லாதிருந்தால் கூடை மிதந்து புரண்டிருக்கும். ஒன்றிரண்டாவது தப்பி எதன்மேலாவது ஏறியிருக்கும்.

எனக்குப் பொறுக்கவில்லை. பரணில் கிடந்த கத்தியை எடுத்துப் பின்பக்கக் கூரையை அறுக்க ஆரம்பித்தேன். ஓட்டை போட்டு இறங்கிக் கல்லைத் தள்ளிவிட்டால் போதும் என்று நினைப்பு. இரண்டு கீற்று அறுபட்டிருக்கும். மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கத்திய கீழ போடு."

"அத்தே, சேவலு! உம் புள்ள உசுருன்னு நீதான சொன்னே?"

"உனுக்கு நீஞ்சத் தெரியாது. தண்ணி இஸ்துகினு பூடும். அது போனா போவுது. உன்ன உட மாட்டேன்."

அவர் பிடி தளரவில்லை. என்னைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நம்பிக்கைப்படி அங்கே மூழ்கிக்கொண்டிருந்தது அவர் பெற்ற ஒரே பிள்ளை. எட்டு மாதமாகக் கரித்துக்கொட்டிய மருமகளின் கையை அவர் விடவில்லை.

கோழிகள் ஒவ்வொன்றாக அடங்கின. சேவல்தான் கடைசி. அதுவும் நின்றதும் மாமியார் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். அதன்பிறகு குனிந்த தலையோடு உட்கார்ந்திருப்பதைத் தவிர எங்களுக்கு வேலை இல்லை. மேட்டுக்குப் போனவர்கள் இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாது. மாமியார் சொன்னதற்குச் சிரிப்பை அடக்கிக்கொண்டவள், அன்று நானும் அதை நம்பினேன். என் தாலியையே அந்தக் கல்லுக்கு அடியில் வைத்துவிட்டதாக நினைத்தேன்.

பொழுது சாய்வதற்குள் காற்று விழுந்தது. தண்ணீரும் வடிந்தது. வெளியே முள்ளை இழுக்கும் சத்தம் கேட்டு நாய் வாலை ஆட்டியது. பின்கதவைப் பெயர்த்துக்கொண்டு என் வீட்டுக்காரர் வந்து நின்றார். நெற்றியில் ஒரு காயம், வேறொன்றுமில்லை. மாமியார் இறங்கிப்போய் மகனுடைய முகத்தையும் தோளையும் கையையும் தடவித் தடவிப் பார்த்தார். நான் பரணிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

என் வீட்டுக்காரர் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கூடை, வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்ததாம்.

"அம்மாம் பெரிய கல்ல யாரு வெச்சது?" என்று கோபமாகக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். "நான்தான் வெச்சேன். இன்னா இப்போ?"

அடைகோழியின் குஞ்சுகளில் ஒன்று வளர்ந்து, நேர்ந்துவிட்ட சேவலுக்குப் பதிலாக அம்மனுக்குப் போனது. புளி கூடினால் என் அம்மாவைச் சந்திக்கு இழுப்பதையும் மாமியார் நிறுத்தவில்லை. ஆனால் அந்தப் புயலைப் பற்றி யார் கேட்டாலும், சாகும்வரை, கல்லைத் தான் வைத்ததாகவே சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒரு முறைகூட வாயைத் திறக்கவில்லை. அந்தக் கல்லை வைத்தவள் நான்.