கையை அசைக்காதீங்க, கொமாத்ரே

இலாரியா சுக்கிமியாவுக்குக் கோபம் வரும் என்று எல் ஆல்டோ என்ற அந்த மலைநகரில் யாரும் சொல்ல மாட்டார்கள். வருவதற்கு அது எங்காவது போயிருக்க வேண்டுமே.

விடிந்ததும் முதல் திட்டு அரசாங்கத்துக்கு, அடுத்தது டாலர் விலைக்கு, அதற்கடுத்தது புருஷன் தியோதோரோவுக்கு. மினிபஸ் ஓட்டும் அவன் டீசல் வரிசையில் வண்டியிலேயே தூங்கிவிட்டு வருவான்; நாட்டில் டீசல் இல்லாததற்கு அவனே மந்திரி என்பதுபோல வாங்கிக் கட்டிக்கொள்வான். கை ஊசி பிடித்தே விரல் நுனி காய்த்துப்போனவள் இலாரியா. பிறகு கணினி சொன்னபடி எம்பிராய்டரி போடும் இயந்திரம் ஒன்றை வாங்கிப் போட்டாள். மௌஸ் பிடிக்க யாரும் சொல்லித் தரவில்லை. திட்டித் திட்டியே அதைப் பழக்கினாள். இன்று ஜூன் திருவிழாவில் மொரெனாடா நடனம் ஆடுபவர்களின் உடை முதுகில் சிறகு விரிக்கும் காண்டோர் கழுகுகளில் பாதி அவள் பெற்ற பிள்ளைகள்.

மாதத்தின் முதல் வெள்ளியன்று தொழிலுக்கு உதவும் பொருள்களுக்கு முன்னால் பூமித்தாய்க்குக் கொஞ்சம் மது ஊற்றுவது அங்கே வழக்கம். இலாரியா தரையில் நாலு சொட்டு சாராயம் தெளிப்பாள், அத்தோடு சரி. இந்த முறை ஒரு பெரிய நடனக் குழுவின் ஆர்டர் வந்திருந்தது. தியோதோரோவுக்கு சந்தோஷம் தாங்கவில்லை. பியர் பாட்டிலைக் குலுக்கிக் கணினியின் தலையிலேயே அபிஷேகம் செய்துவிட்டான்.

டப் என்றது. புகை வந்தது. பிறகு இலாரியா வந்தாள்.

“தரைக்குத்தானடா பூமித்தாய்? டேபிள் மேலயா உக்காந்திருக்கா அவ?”

“பெரிய ஆர்டராச்சேன்னு...”

“தலையில மூளைன்னு ஒண்ணு இருந்தா அதுல ஊத்தியிருக்கலாமே.”

திருவிழாவுக்கான எம்பிராய்டரி வடிவங்கள் எல்லாம் அந்தக் கணினியில்தான் இருந்தன. அவை போனால் அந்தக் குழு வெறும் முதுகோடு ஆடும். அப்புறம் இலாரியாவிடம் ஒரு கைக்குட்டை தைக்கக்கூட ஆள் வராது.

வியாழன் சந்தையில் இரண்டு ரிப்பேர் கடைகளில் காட்டினாள். “மொத்தமா அழிச்சுட்டுப் புதுசா ஏத்தித் தரேன்” என்றார்கள், தலைவலிக்குத் தலையையே எடுத்துவிடலாம் என்கிற மாதிரி. மிச்சம் இருந்தது பெர்மின் தார்கியின் கடை. அவள் மகளுக்கு ஞானத்தகப்பன் அவர். அதனால் இருவருக்கும் கொம்பாத்ரே, கொமாத்ரே என்றுதான் பேச்சு. அதாவது பேச்சு இருந்த காலத்தில். போன தேர்தலுக்கு முன், மகளின் பிறந்தநாள் விருந்தில், அவருடைய கட்சித் தலைவரைத் திருடன் என்றாள் இலாரியா. தட்டில் இருந்த பன்றி வறுவலை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார் பெர்மின். அடித்திருந்தால்கூட மன்னித்திருப்பாள். தட்டை விட்டுப் போனவரை எப்படி மன்னிப்பது?

கணினியை அவர் மேசைமேல் தொப்பென்று வைத்தாள்.

“நான் பேச வரல. இது பேச வந்திருக்கு.”

பெர்மின் திறந்து மோந்து பார்த்தார். “பியரா?”

“கேள்வி கேக்காம பாருங்க.”

“பவர் சப்ளை செத்துப்போச்சு, அத மாத்திடலாம். டிஸ்க்குதான்...” தன் மின்கம்பியில் மாட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். கட், கட் என்றது. “ஏற்கெனவே இந்த மலை உச்சியில காத்து கம்மி. காத்துலதான் இதோட ஊசி மிதக்கணும். இப்ப அடி வேற பட்டிருக்கு.”

“காத்துக்கும் தட்டுப்பாடு கொண்டாந்துட்டாங்களா உங்க ஆளுங்க?”

“எங்க ஆளு இப்ப ஆட்சியிலயே இல்ல.”

“இருந்தப்ப மட்டும் என்ன கிழிச்சார்? அவரும் இவரும் ஒரே குட்டையில ஊறின மட்டைங்கதான்.”

“நகல் எங்க?” என்றார் அவர், குரல் ஏறி. “ஒரு நகல்கூடவா இல்ல?”

“மாசாமாசம் வந்து எடுத்துட்டு இருந்தவர் தட்ட விட்டுட்டுப் போயிட்டார். அப்புறம் எவன் எடுப்பான்?”

பெர்மின் ஸ்க்ரூ ட்ரைவரைத் தேவைக்கு மேல் அழுத்தித் திருகினார்.

டிஸ்க் ஒருக்களித்துப் பிடித்தால் மட்டுமே பேசியது. கொஞ்சம் சரிந்தாலும் கட், கட். இலாரியா இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். இனி ஜென்மத்துக்கும் அங்கே உட்கார மாட்டேன் என்று சபதம் போட்டவள், அசையக்கூட முடியாமல் அவருடைய முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். காண்டோர்கள் ஒவ்வொன்றாக வேறு டிஸ்க்குக்குக் கூடு மாறிக்கொண்டிருந்தன.

வெளியே வேட்டுச் சத்தம். செனோன் வந்து நின்றார். சந்தை வியாபாரிகள் சங்கத்தின் தலைவர். வாயில் விசிலோடு பிறந்தவர்.

“பெர்மின், ஷட்டர இறக்கு. ஊர்வலம் கிளம்புது. நம்ம தலைவருக்காக.”

“வேலை நடக்குது. முடிச்சுட்டு வர்றேன்.”

“ஊர்வலம் உன் வேலைக்காகக் காத்திருக்குமா? வராதவன் கடை திருவிழா முடியற வரைக்கும் சீல். நீயும் சேந்து கையத் தூக்கித்தான் சங்கத்துல முடிவு பண்ணோம்.” அவர் கை மின்சாரப் பெட்டிக்குப் போனது.

இலாரியாவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. “சீலு வைக்கிற மூஞ்சியப் பாரு. டீசல் கொண்டாங்கடா முதல்ல. உங்க தலைவருக்குக் கால் வலிக்குதுன்னா நாங்க நடக்கணுமா? வெக்கங்கெட்ட...”

கட், கட்.

“கையை அசைக்காதீங்க, கொமாத்ரே,” என்றார் பெர்மின். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “வாயையும் சேத்து.”

பிறகு எழுந்து போய் மின்சாரப் பெட்டிக்கு முன்னால் நின்றார். ஒல்லியான மனிதர், பெட்டியை முழுதாக மறைக்கக்கூட ஆகவில்லை.

“சீல் வெச்சுக்கோ செனோன். ஸ்விட்சத் தொடாத.”

“நீ கட்சிக்காரன்டா.”

“கட்சிக்காரன்தான். நாளைக்கு இன்னொரு ஊர்வலம் வெப்பீங்க, வர்றேன். இது இப்ப நின்னா திரும்ப ஓடாது.”

செனோன் விசிலைக் கடித்தார். காகிதப் பட்டையும் பசையும் கொண்டுவரச் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு காண்டோர் மட்டும் வரவில்லை. மற்றதெல்லாம் வந்து சேர்ந்தது. இலாரியாவின் கைகள் மரத்துப்போய், விரலை விரிக்கவே வலித்தது. நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“யாரு கேட்டா உங்கள? பெரிய தியாகி. விழா முடியற வரைக்கும் என்னத்தத் தின்னுவீங்க? உங்க தலைவர் சூப்பு அனுப்புவாரா?”

“அனுப்ப மாட்டார்,” என்றார் பெர்மின். அதை அவர் ஒத்துக்கொண்டதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆட்கள் கதவில் பட்டை ஒட்டுவதற்குள் ஸ்க்ரூ ட்ரைவர்கள், மல்டிமீட்டர், சாலிடரிங் அயர்ன் எல்லாவற்றையும் இலாரியா தன் முதுகில் சுமை கட்டும் துணியில் அள்ளிப்போட்டு முடிச்சுப் போட்டாள். தியோதோரோவின் மினிபஸ்ஸை வரவழைத்தாள். பெர்மினைக் கேட்கவில்லை.

“எங்க கொண்டு போறீங்க?”

“என் மிஷின் பக்கத்துல ஒரு மேசை சும்மா கிடக்கு. ரிப்பேர் வேணும்கிறவன் அங்க வரட்டும். கட்சிக் கொடி மட்டும் வாசலுக்கு வெளிய.”

“கொடி உள்ள வரும்.”

“வந்தா அதுலயே மூக்கத் துடைப்பேன்.”

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவில் எம்பிராய்டரி இயந்திரத்தின் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. அதைவிட உரக்க இரண்டு குரல்கள் தேர்தலைத் திரும்ப நடத்திக்கொண்டிருந்தன. மத்தியானம் இலாரியா ஒரு தட்டு நிறைய பன்றி வறுவலைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கடைசி எலும்பு வரைக்கும் அங்கேயே நின்றாள்.