கடன் தீர்ந்தவளின் சிரிப்பு

மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டால் போதும், கீழ் வீட்டில் பார்லர் நடத்துகிறவளுக்கு வயிறு எரியும். சிரிக்கிறவள் யாரோ இல்லை, சொந்த ஓரகத்தி. கொழுந்தனின் மனைவி. சில மாதங்களுக்கு முன்புவரை அவளும் கழுத்தளவு கடனில் நின்றவள்தான். துணிக்கடை வைத்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் தவணைக்குத் துணி கொடுத்தாள். வாங்கினவர்கள் ஒவ்வொருவராக வேறு தெரு வழியாகப் போகத் தொடங்கியதும் கோர்ட்டுக்குப் போய் மஞ்சள் கடுதாசி கொடுத்துத் திவாலாகிவிட்டாள். கடை போனது, ஸ்கூட்டர் போனது, கூடவே கடனும் போனது. இப்போது யாரோ ஒருவர் கடையில் துணி மடிக்கிற வேலை. கன்னம் வேறு உப்பிக்கொண்டு வருகிறது.

அந்தக் கன்னத்தைத்தான் பார்லர்க்காரியால் பொறுக்க முடியவில்லை. முகங்களைத் தடவிப் பிழைக்கிறவள் அல்லவா, ஒரு சுற்றுக் கூடினாலும் கண்ணில் பட்டுவிடும்.

இவள் முகமோ நாளுக்கு நாள் வற்றிக்கொண்டிருந்தது. நாற்காலிக்கும் மெஷினுக்கும் வாங்கிய பெரிய கடன், அதன் தவணைக்குக் கார்டில் இழுத்தது, கார்டை அடைக்க இன்னொரு கார்டு. பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு யாருக்காவது புருவம் திருத்தும்போதுதான் வசூல்காரன் போன் செய்வான். வீட்டுக்காரரிடம் சொன்னால் "உன் இஷ்டம்" என்பார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன ஒரே யோசனை அதுதான்.

கடைசியில் ஓரகத்தி போன அதே வக்கீலம்மாவிடம் இவளும் போனாள்.

"நானும் திவால் கொடுத்துடறேன் மேடம். கட்டாதவ சிரிச்சுக்கிட்டிருக்கா. கட்டிக்கட்டி நான் சாகறேன்."

"அவசரப்படாதீங்க. ரெண்டு வழி இருக்கு. திவால்னா கடைச் சாமான் கோர்ட் கைக்குப் போயிடும். கொஞ்ச வருஷத்துக்கு யாரும் கடன் தரமாட்டாங்க. ஆனா போன் தொல்லை நின்னுடும். இல்லேன்னா பேங்க்கோட பேசி செட்டில்மென்ட் பண்ணலாம். பாதி வரைக்கும் குறைப்பாங்க. அதை ரெண்டு மூணு தவணையில கட்டி முடிச்சாகணும். ஒண்ணு பிசகினாலும் பேச்சு முறிஞ்சிடும்."

"எனக்குத் திவாலே போதும்."

"பெரிய கடனுக்கு ஜாமீன் யாரு போட்டது?"

"கொழுந்தனார்."

வக்கீலம்மா பேனாவை வைத்துவிட்டாள். "நீங்க கைய விரிச்சா பேங்க் அவர் சம்பளத்துலதான் கைய வைக்கும். யோசிச்சுக்கிட்டு வாங்க."

அவள் என்னவோ கவலையாகத்தான் சொன்னாள். இவளுக்கு உள்ளுக்குள் இனித்தது. அந்தச் சம்பளத்தில்தானே மாடியில் சிரிப்பு ஓடுகிறது! கொழுந்தன் பாவம், கேட்ட உடனே கையெழுத்துப் போட்டவன் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் முறை என்று தனக்கு ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டு அன்று சாயந்திரமே மாடி ஏறினாள். உண்மையில் அந்தக் கன்னம் தொங்குவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஓரகத்தி புருஷனின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இவள் சொல்லி முடித்ததும் அவள் கை நின்றது. முகத்தில் ரத்தமே இல்லை. பார்க்கச் சுகமாகத்தான் இருந்தது.

"திவாலே கொடுத்துடுங்கக்கா."

"என்னடி சொல்றே? அவர் சம்பளம் போயிடுமே."

"பாதி போகும். மீதியில ஓட்டிக்கறோம். நனைஞ்சாச்சு, இனிமே முக்காடு எதுக்கு? போன் வந்தா நீங்க கடைக்கு வெளிய ஓடிவந்து கெஞ்சறதை மாடியிலேர்ந்து பார்த்துக்கிட்டுதானே இருக்கேன். அந்த நரகம் எனக்குத் தெரியும். அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

பார்லர்க்காரி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நன்றியால் என்று நினைத்தால் அது உங்கள் நல்ல மனசு. நாளைக்கு மாமியார் காதுக்குப் போகும், நாத்தனார்கள் காதுக்குப் போகும். 'ஓரகத்திக்காகப் புருஷன் சம்பளத்தையே விட்டுக்கொடுத்தாளே' என்று போகிற இடமெல்லாம் இவள் காதுபடவே சொல்வார்கள். கடனைக் கட்டாமல் தப்பித்தவள், நிம்மதியும் அவளுக்கு, இப்போது நல்ல பேரும் அவளுக்கா?

"உன் புருஷன் காசு எனக்கு எதுக்குடி? என் கடனை எனக்குக் கட்டத் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தடதடவென்று இறங்கினாள்.

மூன்று நாற்காலியில் இரண்டை விற்றாள். ஆவி பிடிக்கிற மெஷினை விற்றாள், வளையலை விற்றாள். பேங்க்காரர்களோடு பேசி முடித்துச் செட்டில்மென்ட்டில் கையெழுத்துப் போட்ட அன்று வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவளையே பார்த்தாள்.

"கொழுந்தனாரைக் காப்பாத்தணும்னு இவ்வளவையும் வித்திருக்கீங்க. பெரிய மனசும்மா உங்களுக்கு."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்," என்றாள் பார்லர்க்காரி. "அவளை நாலு பேர் மகராசின்னு சொல்றதை என்னால கேட்டுக்கிட்டிருக்க முடியாது."