மயக்கம் கொடுக்க மறுத்த டாக்டர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, காலண்டர் சீசன் நேரம். திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிற எனக்கு இரண்டு நாள் லீவு கிடைத்ததே பெரிய விஷயம். நாலு வயது மகளைக் குடலிறக்க ஆபரேஷனுக்காகச் சிவகாசியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம்.

அவளுக்குப் பிறவியிலேயே தாடை மிகச் சிறியது. காது மடல்களும் சரியாக வளரவில்லை. அபூர்வமான மரபணுக் கோளாறு என்று சொல்லியிருந்தார்கள். மற்றபடி சரியான வாயாடி.

ஆபரேஷன் அன்று காலை மயக்க டாக்டர் வந்தார். மகளை வாய் திறக்கச் சொன்னார். பக்கவாட்டில் குனிந்து வெகுநேரம் முகத்தைப் பார்த்தார். தூங்கும்போது குறட்டை விடுவாளா, குப்புறப் படுப்பாளா என்று கேட்டார். இரண்டுக்கும் என் மனைவி ஆமாம் என்றாள்.

"இங்கன வேண்டாம். மதுரைக்குக் கொண்டு போங்க. நான் பேசி ஏற்பாடு பண்ணுதேன்" என்றார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளை முந்தின இரவிலிருந்து பட்டினி. "மயக்கம் குடுக்கத் தெரியலன்னா எதுக்குங்க டாக்டருன்னு இருக்கீக?" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "மயங்குனதும் நாக்கு பின்னால சரிஞ்சு மூச்ச அடைச்சிரும். இத்துனூண்டு தாடைக்குள்ள மூச்சுக்கு விடுற குழாய் போகலன்னா, கையப் பிசைஞ்சுக்கிட்டு நிக்க முடியாதுங்க. தொண்டைக்குள்ள பாத்து குழாய் விடுறதுக்கான கேமரா இங்கன இல்ல" என்றார்.

பத்து நாள் கழித்து மதுரை. மகள் என் கழுத்தை விடாமல் கட்டிக்கொண்டதால், தியேட்டருக்குள் என்னையே தூக்கி வரச் சொன்னார்கள். ஒரு சின்னப் பிள்ளைக்காக ஏழெட்டுப் பேர். நிலைமை கைமீறினால் கழுத்தில் துளையிட்டு மூச்சுவிட வைப்பதற்கென்றே ஒருவர் கையுறையோடு தயாராக நின்றார். "வாங்க, நானும் இருக்கேன்" என்று ஒரு குரல் கேட்டது. முகக்கவசத்துக்குள் இருந்தவர் அந்தச் சிவகாசி டாக்டர்!

மகள் மாஸ்க்கில் நாலைந்து மூச்சு இழுத்தாள். என் தோளில் அவள் பிடி தளர்ந்தது. என்னை வெளியே அனுப்பினார்கள். அவ்வளவு நீளமான ஒரு மணி நேரத்தை நான் வாழ்ந்ததில்லை.

வெளியே வந்த மதுரை டாக்டரம்மா சிரித்தார். "அவ மூச்ச நாங்க ஒரு நொடிகூட நிறுத்தல. அவளா மூச்சு விட்டுக்கிட்டு இருக்கும்போதே நூடுல்ஸ் மாதிரி மெல்லிசான கேமராவ மூக்கு வழியா இறக்கி, அது மேலயே குழாய விட்டோம். அதுவரைக்கும் தாடையத் தூக்கிப் பிடிச்சிருந்தது உங்க ஊர் டாக்டர்தான்."

வராந்தாவில் அவரைப் பார்த்ததும் கைகூப்பினேன். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன், அழுகைதான் வந்தது.

"பிள்ளையப் பெத்தவரு, கத்தத்தான் செய்வீக. சாப்பிட்டீகளா?" என்றார். சிவகாசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பியும் போய்விட்டார்.

மகள் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். 'என்னால் இங்கே முடியாது' என்று சொல்வதற்கு எவ்வளவு பெரிய மனது வேண்டும் என்பதும், அப்படிச் சொன்ன பிறகும் முடிகிற இடம்வரை கூடவே வருகிற மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதும், அவள் ஓடியாடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.