ஈரக் காலும் சலைன் ஸ்டாண்டும்

எண்பதுகளின் தொடக்கம். ஆம்பூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் முன்னறையை நான் போட்டோ ஸ்டுடியோவாக மாற்றி நாலு மாதம் ஆகியிருந்தது. வார நாட்களில் மூன்றாம் வகுப்புக்கு டீச்சர், ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டோக்காரி.

ஸ்டுடியோ என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கட்டிலை நகர்த்திவிட்டால் ஆறு பேர் நிற்கலாம், அவ்வளவுதான். சுவரில் நீலத் திரை, அதன் முன்னால் ஒரு மர நாற்காலி, எதிரே முக்காலியில் கேமரா. நான் குள்ளம் என்பதால் கேமராவுக்குப் பின்னால் ஏறி நிற்க ஒரு பலகை. இந்தப் பலகையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைத்தெரு ஸ்டுடியோவில் ஆண்களுக்கு முன்னால் போய் நிற்கக் கூசுகிற பெண்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். புர்காவில் வருகிறவர்கள், ஷூ கம்பெனியில் புதிதாகச் சேர்ந்து அடையாள அட்டைக்குப் போட்டோ கேட்கிறவர்கள், கல்யாணத்தன்று போட்டோ எடுக்க வாய்க்காதவர்கள். ஒரு பொம்பளையே போட்டோ பிடிக்கிறாளாம் என்று பேச்சு பரவி, ஞாயிறு காலையில் எங்கள் வாசலில் பூ வாசனை வந்து நிற்கும்.

விளக்குகள்தான் என் பெருமை. விலைக்கு வாங்க முடியாமல் நானே செய்தவை. அலுமினியச் சட்டியின் அடியில் ஓட்டை போட்டு, உள்ளே ஐந்நூறு வாட் பல்பு. நிறுத்திவைக்க ஸ்டாண்டு வேண்டுமே? அம்மா வேலூரில் நர்ஸ். ஆஸ்பத்திரியில் வேண்டாமென்று கழித்துப்போட்ட சலைன் ஸ்டாண்டு இரண்டை வாங்கி அனுப்பினாள். இரும்புக் கம்பம், கீழே ரப்பர் சக்கரம், விரல் பட்டால் உருளும். யார் யாருக்கோ மருந்து சொட்டிய கொக்கியில் இப்போது வெளிச்சம் தொங்கியது. அதைப் பார்த்துப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன், பைத்தியம் மாதிரி.

அந்த நாலு மாதத்தில் இரண்டு முறையோ மூன்று முறையோ, ஸ்டாண்டை நகர்த்தும்போது விரல் நுனியில் எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்றது. பலகைமேல் நின்றபடியே எட்டித் தள்ளுவேன். உலர்ந்த பலகை. உதறிவிட்டு மறந்துவிடுவேன். பல்பின் சூட்டில், சட்டியின் ஓட்டைக்குள் நுழைகிற இடத்தில் ஒயர் மெல்ல உருகிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. எர்த் என்று ஒன்று உண்டென்று படித்திருக்கிறேன். என் சுவரில் இருந்தது இரண்டு ஓட்டைப் பிளக்கு, எர்த்துக்கு அதில் இடமே இல்லை.

இனிச் சொல்வதற்குத்தான் வெட்கமாக இருக்கிறது.

தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் பட்டறையில், வேலை செய்கிறவர்கள் வந்தால், வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி, குழாயடியைக் காட்டி, "கை கால் கழுவிட்டு வாங்க, அப்பத்தான் போட்டோ லைட்டுக்கு நல்லா விழும்" என்பேன். பொய். முகத்தை மட்டும் எடுக்கிற போட்டோவுக்குக் கால் எதற்கு? சுண்ணாம்பும் உப்பும் பச்சைத் தோலும் கலந்த அந்த வாசனை என் நீலத் திரையில் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். பேங்க்காரர் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அவர்கள் செருப்போடுகூட உள்ளே வந்திருக்கிறார்கள். ஊரே அந்தத் தோலில்தான் சாப்பிட்டது. என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் பாதி அந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள்.

அன்றைக்கு மதியம் மூன்று பேர் வந்தார்கள். கல்யாணமாகி இருபது நாள் ஆன ஜோடி, கூட மாப்பிள்ளையின் அக்கா. மாப்பிள்ளைக்கும் அக்காவுக்கும் தோல் ஷாப்பில் வேலை. பெண் கல்யாணப் புடவையை மறுபடி கட்டிக்கொண்டு, தலை நிறையக் கனகாம்பரம். அவர் சலவைச் சட்டை, ஈரம் காயாத தலை. குளித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்பது கண்ணுக்கே தெரிந்தது. அப்போதும் குழாயடியைக் காட்டினேன்.

அவர்கள் இரண்டு பேரும் மறு பேச்சில்லாமல் போய் முழங்கால்வரை கழுவிக்கொண்டு வந்தார்கள். அக்கா மட்டும் அசையவில்லை.

"நான் இன்னா போட்டோவுக்கா நிக்கப்போறேன்? எனக்கு எதுக்கு டீச்சர் கழுவல்?" என்று ரப்பர் செருப்போடு நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்குள் ஒரு எரிச்சல். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து, அவரைப் பக்கத்தில் நிற்கவைத்து, கால்வரை தெரிகிற மாதிரி கேமராவைச் சரிசெய்து, இரண்டு விளக்கையும் போட்டேன். அறை வெள்ளையாகக் கொதித்தது. நிலைப்படியிலிருந்து அக்கா, "டேய், சிரிடா. கட்டிக்கிட்டவதான, பேயா?" என்றதும் பெண் குனிந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் ஒன்று எடுத்துவிட்டேன்.

இரண்டாவதற்குப் பிலிமைச் சுற்றிக்கொண்டிருந்தேன். விளக்குச் சூட்டில் பெண்ணின் நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து குங்குமம் கரைந்தது. அவர் அதைப் பார்த்தார். என்னைக் கேட்க வேண்டும் என்றெல்லாம் தோன்றவில்லை அவருக்கு. பொண்டாட்டி முகத்தில் சூடு படுகிறது, தள்ளிவைப்போம். அவ்வளவுதான். வலது கையால் ஸ்டாண்டைப் பிடித்தார்.

பிடித்த கை விடவில்லை.

சத்தமே இல்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. கத்துவார்கள் என்று நினைத்திருந்தேன். அவர் கத்தவில்லை. வாய் திறந்திருந்தது, கழுத்து நரம்பு விறைத்து நின்றது, ஸ்டாண்டு அவரோடு சேர்ந்து கடகடவென்று ஆடியது. பெண் விளையாட்டு என்று நினைத்து இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் என் பலகைமேல் நின்றேன். சுவிட்சு என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நின்றேன். கையும் வரவில்லை, காலும் வரவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன்.

"தொடாதடீ!"

பெண் அவரைப் பிடிக்க எழுந்தபோது நிலைப்படியிலிருந்து வந்த சத்தம் அது. அடுத்த நொடி அக்கா அறைக்குள். சேலையை இழுத்துச் செருகக்கூட இல்லை. செருப்புக் காலைத் தூக்கிக் கம்பத்தின் நடுவில் ஒரே உதை. ரப்பர் சக்கரம் உருண்டது, கம்பம் அவர் பிடியிலிருந்து பிய்ந்து சுவரில் போய் மோதியது, பல்பு வெடித்தது, பிளக்கு சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. அவர் துணி மாதிரி கீழே சரிந்தார்.

"டேய், கண்ணத் தொற. டேய் தம்பி, தொறடா." அக்கா அவர் மார்பைத் தேய்த்துக்கொண்டே கன்னத்தில் அறைந்தாள், ஒன்று, இரண்டு. மூன்றாவது அறைக்கு அவர் மூச்சு விட்டார். கிணற்றிலிருந்து வாளி மேலே வருகிற மாதிரி ஒரு மூச்சு.

கண் திறந்தவர் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "அக்கா, டீச்சரோட லைட்டு உடைஞ்சிடுச்சா?"

நான் அப்போதுதான் பலகையிலிருந்து இறங்கினேன். அவர் உள்ளங்கையில் கம்பத்தின் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு, ஓரமெல்லாம் கருகி. பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி, ஜட்கா பிடித்து, ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப ஏற்பாடு செய்தேன். கிளம்பும்போது அக்கா தரையில் கிடந்த ஈரத்தைச் செருப்பு நுனியால் தொட்டுக் காட்டினாள்.

"ஷாப்புல நாங்க செருப்பக் கழட்டவே மாட்டோம் டீச்சர். எங்க பாத்தாலும் தண்ணி, எங்க பாத்தாலும் மோட்டாரு. ஈரக் காலோட இரும்பத் தொடக்கூடாதுன்னு நேத்து வேலைக்கு வந்தவளுக்குக்கூட தெரியும். ஊட்டுக்குள்ள இருக்கற இரும்புல இது இருக்கும்னு எவன் கண்டான்?" ஜட்காவில் ஏறப்போனவள் திரும்பினாள். குரலில் கோபம்கூட இல்லை. "வாசன புடிக்கலன்னா சொல்லியிருக்கலாம் டீச்சர். வாசல்ல நின்னே எடுத்துக்கினு போயிருப்போம்."

தெரிந்திருக்கிறது. அவளுக்கு மட்டுமா? அந்த நாலு மாதமும் குழாயடிக்குப் போய் மறு பேச்சில்லாமல் கழுவிக்கொண்டு வந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கிறது. ஜட்கா போன பிறகும் தெருவிலேயே நின்றிருந்தேன்.

கேமராவைத் தொட பத்து நாள் ஆயிற்று. பிலிமைக் கழுவி அச்சுப் போட்டபோது அந்த ஒரு படம் வந்தது. குனிந்து சிரிக்கிற பெண், அவளைப் பார்க்கிற அவர். அவர்களுக்கு முன்னால் என் சிமெண்டுத் தரையில், வாசல் பக்கமிருந்து நாற்காலிவரை வரிசையாக ஈரக் கால்தடங்கள். விளக்கு வெளிச்சம் முழுக்க அதில்தான் விழுந்திருந்தது. முகத்தைவிட அதுதான் மின்னியது.

படத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கையில் கட்டோடு அவரே எழுந்து வந்து, "வாங்க டீச்சர், உள்ள வாங்க" என்றார். வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தேன். விடவில்லை, "தரை ஜில்லுன்னு இருக்கும், போட்டுக்கினே வாங்க" என்றார். பெண் டீ போட்டுக் கொண்டுவந்தாள். அக்கா படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"லைட்டுக்கு நல்லா விழும்னியே டீச்சர், கரெக்டுதான். கழுவுன காலு எவ்ளோ நல்லா விழுந்துருக்குது பாரு" என்று சொல்லிச் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

ஒயரை மாற்றினேன், எர்த் போட்டேன், குழாயடியைக் காட்டுவதை விட்டேன். ஸ்டுடியோவும் சில வருஷத்தில் போய்விட்டது. இன்றும் யாராவது எங்கள் வீட்டு வாசலில் தயங்கிக் குனிந்தால், அவர்கள் கை செருப்பைத் தொடும் முன்பே "போட்டுக்கிட்டே வாங்க" என்று என் வாய் முந்திக்கொள்கிறது. நல்ல மனசு என்கிறார்கள். நானோ அந்த நொடியில், சத்தமில்லாமல் திறந்த ஒரு வாயையும், பலகைமேல் உலர்ந்த காலோடு நிற்கிற என்னையும்தான் பார்க்கிறேன்.